அடுக்களையிலிருந்து கல்லூரிக்கு



சரித்திரம் என்றவுடன் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. அந்த மன்னர்களுக்கும் அவர்களுடைய படைகளுக்கும் நாள்தோறும் உணவு சமைத்தவர்கள் யார், அத்தொழிலை அவர்கள் யாரிடம் கற்றனர், கற்பதற்கு அவர்கள் கொடுத்த விலை என்ன என்னும் கேள்விகளைப் பாடநூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அத்தகைய கேள்விகளுள் ஒன்றைப் பற்றியது. சமையலும் ரொட்டி சுடுதலும் கல்லூரியில் கற்பிக்கப்படும் கல்வியாக எவ்வாறு மாறின என்பதே அது.

நம் நாட்டில் சமையல் திறமைக்கு இரண்டு உயர்ந்த பெயர்கள் உண்டு. ஒன்று நளபாகம், மற்றொன்று வீமபாகம். நளனும் மன்னன், வீமனும் அரசகுமாரன். ஆனால் இவ்விருவரும் எப்போது சமையற்காரர்களாயினர் என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாடிழந்து, உருமாறி, இருதுபன்னனிடம் ஒதுங்கியிருந்த காலத்தில் நளன் சமைத்தான். வனவாசம் முடிந்து, யாரும் கண்டுகொள்ளாதபடி விராட நகரில் மறைந்து வாழ்ந்த ஆண்டில் வீமன் கரண்டி பிடித்தான். அரசனை அடுக்களையில் எவரும் தேடமாட்டார்கள் என்பதனாலன்றோ அது அவர்களுக்கு நல்ல மறைவிடமாயிற்று! உணவைப் போற்றுவோம், அதை ஆக்கியவனை ஏறெடுத்தும் பாரோம். இந்த மனப்பான்மை நமக்கு மட்டும் உரியதன்று. உலகத்தின் பல நாடுகளிலும் இருந்தது. அது எங்கே, எப்படி மாறத் தொடங்கிற்று என்பதைக் காண்பதற்கு நாம் முதலில் பிரான்சு நாட்டின் தலைநகரான பாரிசுக்குச் செல்ல வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிசில் ஏழைத் தொழிலாளியின் உணவு என்பது ரொட்டியே. அவனுடைய வருவாயில் பெரும்பகுதி ரொட்டி வாங்குவதற்கே செலவாயிற்று. ரொட்டி சுடும் தொழிலோ தொழிற்சங்கங்களின் பிடியில் இருந்தது. இன்றைய தொழிலாளர் சங்கங்களைப் போன்றவை என அவற்றை எண்ணிவிடலாகாது. அவை ஒரு தொழிலைச் செய்யும் உரிமையையே தம் கையில் வைத்திருந்த கட்டுக்கோப்பான குழுக்கள். ஒரு சிறுவன் தேர்ந்த தொழிலாளி ஒருவரிடம் பல ஆண்டுகள் பயிலாளாக உழைக்க வேண்டும். அவர் காட்டியதைக் கண்டு கற்க வேண்டும். காட்டாததைக் கேட்பதற்கு அவனுக்கு வழியில்லை. தந்தை செய்த தொழிலை மகன் செய்வதே எளிது. வெளியாள் உள்ளே நுழைவது அரிது.

1774-ஆம் ஆண்டு பிரான்சில் விளைச்சல் பொய்த்தது. மறு ஆண்டு வசந்தத்தில் ரொட்டியின் விலை ஏறியது. ஏப்ரல், மே மாதங்களில் பாரிசைச் சுற்றியுள்ள ஊர்களிலெல்லாம் மக்கள் சந்தைகளையும் மாவுக் கிடங்குகளையும் முற்றுகையிட்டனர். சரித்திர ஆசிரியர்கள் இதற்கு ‘மாவுப் போர்’ என்றே பெயரிட்டிருக்கின்றனர். ஒரு நாட்டின் அமைதி ரொட்டிக் கடையின் வாசலில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை ஆட்சியாளர்கள் அப்போது உணர்ந்தனர்.

இந்தச் சூழ்நிலையில்தான் இரண்டு அறிஞர்கள் தோன்றுகின்றனர். ஒருவர் பார்மாந்தியே, மற்றவர் காதே தெ வோ. இருவரும் மருந்தாக்கும் கலையும் இரசாயனமும் அறிந்தவர்கள். இவர்களுள் பார்மாந்தியே ஏழாண்டுப் போரில் பிரஷ்யரிடம் சிறைப்பட்டு, அங்கே உருளைக்கிழங்கை உண்டு உயிர் வாழ்ந்தவர். பிரான்சு மக்கள் அக்கிழங்கை விலங்குத் தீனி என்று இகழ்ந்த காலம் அது. அதை மனிதர் உணவாக அவர்களை ஏற்கச் செய்தவர் என்று இன்றும் அவரைப் போற்றுகின்றனர். அவர் 1778-இல் ரொட்டி சுடும் தொழிலைப் பற்றி ஒரு விரிவான நூலை வெளியிட்டார். 1780-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இருவரும் சேர்ந்து பாரிசில் ரொட்டி சுடுவோருக்கென ஓர் இலவசப் பள்ளியைத் திறந்தனர்.

இந்தப் பள்ளியின் சிறப்பு யாது? அதுவரை ‘என் கை அறியும்’ என்று சொல்லப்பட்ட ஒரு தொழிலைப் பார்த்து, ‘உன் கை அறிந்ததை உன் வாய் சொல்லட்டும், அது உண்மைதானா என்று சோதித்துப் பார்ப்போம்’ என்று கேட்ட இடம் அது. ஒரே அளவு கோதுமையிலிருந்து மிகுந்த மாவு பெறுவது எப்படி, கெட்ட மாவை இனங்காண்பது எப்படி, நீரும் புளிப்பும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பன ஆராய்ச்சிக்குரிய பொருள்களாயின. அதைவிட முக்கியமானது இலவசம் என்னும் சொல். அறிவு ஒரு குழுவின் சொத்தாக இருந்தது போய், நாட்டின் சொத்தாக மாறுவதற்கு அச்சொல் ஓர் அறிகுறி. ஒன்பது ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1791-இல் பழைய தொழிற்சங்கங்கள் சட்டத்தின்மூலம் கலைக்கப்பட்டன.

புரட்சிக் காலத்துப் பாரிசின் தெருவில் ஏழைக் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் கைவிடப்பட்டு நின்றான். அவன் பெயர் கரேம். பத்து வயதளவில் ஓர் எளிய உணவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பின்னர்ப் பேயி என்னும் பெயர்பெற்ற பணியாரக் கடைக்காரரிடம் பயிலாளானான். முதலாளி நல்லவர், ஓய்வு நேரத்தில் நாட்டின் பெரிய நூலகத்துக்குச் செல்ல அனுமதி அளித்தார். கரேம் அங்கே சென்று படித்தது சமையல் நூல்களை அல்ல, கட்டடக்கலை நூல்களை. கிரேக்க, ரோமானிய, எகிப்தியக் கட்டடங்களின் படங்களை வரைந்து பழகினான். அப்படங்களையே சர்க்கரையாலும் மாவாலும் விருந்து மேசைகளின்மேல் கோபுரங்களாகவும் மண்டபங்களாகவும் எழுப்பினான். பிற்காலத்தில் அவர் தாலிராண் என்னும் இராஜதந்திரிக்கும், இங்கிலாந்தின் பட்டத்து இளவரசருக்கும் சமைத்தார். பல நூல்கள் எழுதினார். 1833-இல், ஐம்பது வயது நிரம்புமுன்னரே காலமானார். காற்றோட்டமில்லாத அடுக்களைகளில் பல்லாண்டுகள் சுவாசித்த கரிப்புகையே அவர் ஆயுளைக் குறைத்தது என்று கருதுவோர் பலர்.

கரேமின் வரலாற்றை மாணவர்களுக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அதில் இரண்டு பாடங்கள் உள்ளன. நூலகக் கதவு திறந்திருந்தமையால் தெருவில் நின்ற சிறுவன் கலைஞனானான் என்பது ஒன்று. அடுக்களையைச் செப்பனிட எவரும் எண்ணாமையால் அக்கலைஞன் விரைவில் மடிந்தான் என்பது மற்றொன்று. தொழிற்கல்வி என்பது இவ்விரண்டையும் ஒருங்கே நோக்க வேண்டும். தொழிலாளியின் அறிவையும் வளர்க்க வேண்டும். அவனுடைய உடலையும் காக்க வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை வேகமாக மாறியது. இருப்புப்பாதைகள் பெருகின, மக்கள் நெடுந்தொலைவு பயணம் செய்தனர், பயணிகளுக்காகப் பெரிய ஹோட்டல்கள் எழுந்தன. நகரங்களில் ஆலைத் தொழிலாளர் கூட்டம் பெருகியது. அவர்களுக்கு நாள்தோறும் ஆயிரக்கணக்கில் ரொட்டி தேவைப்பட்டது. புளிப்பு என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்பதைப் பாஸ்டர் 1857 முதல் வெளியிட்ட ஆராய்ச்சிகளால் நிறுவினார். தேவையும் பெருகியது, விஞ்ஞானமும் வளர்ந்தது. இவ்விரண்டும் கூடியபோது பள்ளிகள் தோன்றின. 1879-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஒரு சமையற் பள்ளி திறக்கப்பட்டது. 1893-இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் ஹோட்டல் தொழிலுக்கென ஒரு பள்ளி பிறந்தது. 1894-இல் லண்டன் பரோ பாலிடெக்னிக்கில் தேசிய ரொட்டிப் பள்ளி தொடங்கியது. 1895-இல் மார்த்தே திஸ்தேல் என்னும் பெண்மணி பாரிசில் ஒரு சமையற் பத்திரிகையைத் தொடங்கினார். அப்பத்திரிகையிலிருந்தே ‘கோர்தோன் புளூ’ என்னும் புகழ்பெற்ற சமையற் பள்ளி வளர்ந்தது.

இவற்றுள் பாஸ்டன் பள்ளியைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூற விரும்புகிறேன். ஃபேனி ஃபார்மர் என்னும் பெண் பதினாறாம் வயதில் வாதநோயால் தாக்குண்டாள். கல்லூரிக்குச் செல்லும் எண்ணம் கைவிடப்பட்டது. நடக்க இயன்ற பின்னரும் கால் தாங்கியே நடந்தாள். முப்பது வயதை ஒட்டி அவள் பாஸ்டன் சமையற் பள்ளியில் மாணவியாகச் சேர்ந்தாள். 1889-இல் தேர்ச்சி பெற்றாள். 1891-இல் அப்பள்ளிக்கே தலைமையாசிரியை ஆனாள். 1896-இல் அவர் எழுதிய சமையல் நூலை வெளியிடப் பதிப்பாளர் தயங்கினார். முதற்பதிப்பின் 3,000 படிகளுக்கான செலவை ஆசிரியையே ஏற்க வேண்டியதாயிற்று. அந்த நூலோ பின்னர்ப் பல இலட்சம் படிகள் விற்றது.

அந்நூலின் வெற்றிக்குக் காரணம் சுவையான குறிப்புகள் மட்டுமல்ல, அளவு. ‘ஒரு கை மாவு’, ‘பாக்கு அளவு வெண்ணெய்’ என்று நம் பாட்டிமார் கூறுவதைப் போலவே அந்நாட்டுப் பெண்களும் கூறிவந்தனர். பாட்டியின் கை பாட்டிக்குத் தெரியும். பேத்தியின் கை சிறிதாயிற்றே! ஃபார்மர் அம்மையார் அளவுக் கிண்ணத்தையும் அளவுக் கரண்டியையும் கொண்டுவந்து, தலைதட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். தாயருகில் நின்று பழகாதவளும், அயலூரில் தனியே வாழ்பவனும், நூலைப் பார்த்துச் சமைக்கலாம் என்னும் நிலை உண்டாயிற்று. அளவு என்பது கலையைக் கொல்வதன்று. கலையின் வாயிலை எல்லாருக்கும் திறந்துவிடுவது. அவர் நோயாளிகளுக்கான உணவைப் பற்றியும் நூல் எழுதினார். ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் சொற்பொழிவாற்றினார். இறுதி நாள்களில் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே பாடம் நடத்தி, 1915-இல் மறைந்தார்.

இனி, அடுக்களைக்குள் ஒழுங்கைக் கொண்டுவந்த ஒருவரைக் காண்போம். எஸ்கோஃபியே 1846-இல் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதில் நீஸ் நகரிலுள்ள சிற்றப்பனாரின் உணவகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அக்காலத்து அடுக்களை கூச்சலும் குடியும் நிறைந்தது. ஒரே தட்டுக்குரிய எல்லாப் பகுதிகளையும் ஒருவனே செய்தான். விருந்தினர் பசியோடு காத்திருந்தனர். பின்னாளில் லண்டனில் சவாய் ஹோட்டலின் அடுக்களைக்குத் தலைவரான எஸ்கோஃபியே, படையில் தாம் கண்ட ஒழுங்கை அங்கே புகுத்தினார். குழம்புக்கு ஒருவர், வறுவலுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர், பணியாரத்துக்கு ஒருவர் எனப் பிரிவுகளை வகுத்தார். கூச்சலைத் தடுத்தார். மதுவுக்கு மாற்றாகப் பார்லிக் கஞ்சிநீரை அடுக்களையில் வைக்கச் செய்தார். 1903-இல் அவர் வெளியிட்ட பெருநூல் இன்றும் சமையற்கல்லூரிகளில் எடுத்தாளப்படுகிறது. இன்று பெரிய ஹோட்டல்களின் அடுக்களை அமைப்பு பெரும்பாலும் அவர் வகுத்த வழியைப் பின்பற்றியதே.

இவ்வளவு நடந்தும் சமையலுக்குக் கல்லூரி என்னும் மதிப்பு முழுமையாகக் கிடைக்கவில்லை. அம்மதிப்பைத் தேடித்தந்தது ஒரு போரின் முடிவு என்று கூறினால் நீங்கள் வியப்படையலாம்.

இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பும் வீரர்களுக்கு வேலை வேண்டுமே என்று அமெரிக்க அரசு கவலை கொண்டது. முதல் உலகப் போரின் வீரர்கள் வேலையின்றித் திரிந்த காட்சியை அந்நாடு மறக்கவில்லை. 1944-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. வீரர்கள் எந்தக் கல்லூரியிலோ தொழிற்பள்ளியிலோ சேர்ந்தாலும், ஆண்டுக்கு 500 டாலர் வரையில் கல்விக் கட்டணத்தை அரசு ஏற்கும் என்றது அச்சட்டம். அதே வேளையில் உணவகங்களுக்குத் தேர்ந்த சமையற்காரர் கிடைக்கவில்லை. ஐரோப்பாவிலிருந்து வந்த சமையற் கலைஞர்களையே அமெரிக்க ஹோட்டல்கள் நெடுங்காலம் நம்பியிருந்தன. அந்த வரத்து போரினால் நின்றது.

1946-ஆம் ஆண்டு மே மாதத்தில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் ஒரு சிறிய பள்ளி திறக்கப்பட்டது. ஆசிரியர்கள் மூவரே: ஒரு சமையற் கலைஞர், ஒரு ரொட்டிக் கலைஞர், ஓர் உணவியல் நிபுணர். அதை நடத்தியவர் பிரான்செஸ் ராத் என்னும் பெண் வழக்கறிஞர். அவருக்குத் துணைநின்றவர் காதரீன் ஏஞ்சல். யேல் பல்கலைக்கழகத்தின் முன்னாள் தலைவருடைய மனைவி. துப்பாக்கி பிடித்த கைகள் அங்கே மாவு பிசைந்தன. 1951-இல் அப்பள்ளி ‘அமெரிக்கச் சமையற்கலை நிறுவனம்’ என்னும் பெயரைப் பெற்றது. 1972-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹைடு பார்க்கில், ஹட்சன் நதிக்கரையில் இருந்த ஒரு பழைய கிறித்தவத் துறவியர் பயிற்சி மடத்துக்கு இடம்பெயர்ந்தது. பட்டம் வழங்கும் உரிமையும் பெற்றது. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் தொழிற்பட்டியலில் ஏவல் தொழில்களோடு வைக்கப்பட்டிருந்த தலைமைச் சமையற் கலைஞரின் இடம் 1970களில் மாற்றப்பட்டு, தேர்ந்த வல்லுநர்களின் வரிசையில் சேர்க்கப்பட்டது. ஒரு பட்டியலில் ஒரு வரி இடம் மாறியது, அவ்வளவுதான். ஆனால் விராட நகரத்து அடுக்களையில் வீமன் ஒளிந்திருந்ததை நினைத்துப் பார்த்தால், அந்த ஒரு வரியின் பொருள் விளங்கும்.

இதுவரை நான் சொன்ன பெயர்களை நீங்கள் கூர்ந்து கவனித்திருந்தால் ஒன்று புலப்பட்டிருக்கும். பெரிய ஹோட்டல்களின் அடுக்களைகளில் தலைவர்களாக இருந்தவர்கள் ஆண்கள். சமையற் பள்ளிகளைத் தொடங்கி வளர்த்தவர்களுள் முன்னின்றவர்களோ பெண்கள். வீட்டில் சமைத்தால் அது பெண்ணின் கடமை. ஊதியத்துக்குச் சமைத்தால் அது ஆணின் தொழில் என்று உலகம் வகுத்திருந்தது. தாங்கள் நுழைய முடியாத அடுக்களைகளுக்கு ஆள்களைப் பயிற்றும் கல்விக்கூடங்களைப் பெண்களே கட்டினர். நம் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது.

விடுதலைக்குப் பின் நம் நாடு உணவுப் பற்றாக்குறையால் வாடிய காலத்தை உங்கள் தாத்தாமார் அறிவர். அரிசியையும் கோதுமையையும் மட்டும் நம்பாமல், பிற உணவுப் பொருள்களையும் சத்துக் கெடாமல் சமைத்து உண்ண மக்கள் பழக வேண்டும் என்னும் இயக்கம் அப்போது எழுந்தது. அதில் முன்னின்றவர் லீலாவதி முன்ஷி; குஜராத்தி எழுத்தாளர்; 1952 முதல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவர். அவர் தலைமையில் இயங்கிய மகளிர் உணவுக் குழுவின் முயற்சியால், 1954-ஆம் ஆண்டில் பம்பாயில் உணவு, விருந்தோம்பல் கல்விக்கான நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இவ்வகைக் கல்விக்கு அதுவே முன்னோடி. சென்னையில் 1963-இல் இத்தகைய நிறுவனம் ஏற்பட்டது. இன்று அது தரமணியில் உள்ளது. நாடெங்கும் பெருகிய இந்நிறுவனங்களின் பாடத்திட்டத்தையும் தேர்வுகளையும் ஒழுங்குபடுத்த 1982-இல் ஒரு தேசியக் குழு அமைக்கப்பட்டது. ஆக, அந்நாட்டில் இக்கல்வியைப் பிறப்பித்தது வேலையில்லாக் கவலை. நம் நாட்டில் பிறப்பித்தது பசி பற்றிய கவலை.

நான் தலைமையாசிரியராகப் பணியாற்றிய காலத்தில், மேனிலைப் பள்ளித் தேர்வில் நன்கு தேறிய மாணவன் ஒருவன் ரொட்டியும் பணியாரமும் செய்யும் கலையைக் கல்லூரியில் பயில விரும்பினான். அவன் தந்தை என் அறைக்கு வந்தார். “கரண்டி பிடிக்கவா ஐயா இவனைப் பன்னிரண்டு வருஷம் படிக்க வைத்தேன்? நீங்கள் நாலு வார்த்தை சொல்லுங்கள்” என்றார். அவருடைய வருத்தத்தை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. சமைப்பவன் என்பதற்காகவே விருந்தில் கடைசியில் உட்காரவைக்கப்பட்டவர்களை அவர் கண்டிருக்கிறார். இன்ன குலத்தார் சமைத்தால்தான் உண்போம் என்று கூறியவர்களையும் கண்டிருக்கிறார். தம் மகன் அந்த வாசலில் போய் நிற்பதா என்பதே அவர் கவலை. நான் மாணவனை அழைத்து, “ரொட்டி ஏன் உப்புகிறது? உன் தந்தைக்குச் சொல்” என்றேன். விடுமுறை நாள்களில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை செய்து பழகியவன் அவன். கால்மணி நேரம் தயங்காமல் விளக்கினான். தந்தை ஒன்றும் சொல்லாமல் சென்றார். மறுநாள் காலையில் மீண்டும் வந்து, “விடுதிக் கட்டணம் எவ்வளவு ஆகும் ஐயா?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே அவருடைய இசைவு அடங்கியிருந்தது.

அம்மாணவன் விளக்கியதை உங்களுக்கும் சுருக்கமாகச் சொல்கிறேன். கோதுமை மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது அதிலுள்ள புரதங்கள் இணைந்து, குளூட்டன் என்னும் இழுபடும் வலையாக மாறுகின்றன. இத்தாலியில் பொலோனா நகரத்து அறிஞர் பெக்காரி மாவை நீரில் அலசி இப்பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். அவருடைய ஆராய்ச்சி 1745-இல் அச்சாயிற்று. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகிறது. வாயு வெளியேற முடியாமல் அந்த வலைக்குள் சிக்குகிறது, மாவு உப்புகிறது. அடுப்பின் சூட்டில் ஈஸ்ட் மடிகிறது, வலை இறுகுகிறது, ரொட்டி தன் வடிவத்தை அடைகிறது. மேற்புறம் பொன்னிறமாவதும் மணம் வீசுவதும் புரதக் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் கலந்து செய்யும் இரசாயன மாற்றம். பிரெஞ்சு அறிஞர் மையார் அதை 1912-இல் விளக்கினார். அரிசி மாவில் குளூட்டன் இல்லை. ஆகவேதான் நம் இட்லி வேறு வழியில், உளுந்தின் உதவியால் உப்புகிறது.

கணக்கும் இங்கே உண்டு. ரொட்டிக் கலைஞர்கள் மாவை எப்போதும் 100 என்று வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு வீதமாகக் கணக்கிடுவர். மாவு 100, நீர் 60, உப்பு 2, ஈஸ்ட் 2 என்று கொள்வோம். 50 கிலோ மாவுக்கு 30 லிட்டர் நீரும், உப்பும் ஈஸ்ட்டும் ஒவ்வொரு கிலோவும் வேண்டும். பிசைந்த மாவின் எடை 82 கிலோ. அதை 450 கிராம் வீதம் வெட்டினால் 182 துண்டுகள் கிடைக்கும். சுடும்போது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எடை நீராவியாகப் போய்விடும். ஆகவே 400 கிராம் ரொட்டி தருவேன் என்று உறையில் அச்சிடுபவன் மாவைக் குறைத்து வெட்டினால் அவன் வாங்குவோரை ஏமாற்றுகிறான். இது கணக்குப் பாடமா, ஒழுக்கப் பாடமா? இரண்டுந்தான்.

தூத்துக்குடியின் மக்ரூனை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப் பருப்பு ஆகிய மூன்றே பொருள்கள். ஆனால் வெண்கருவில் மஞ்சட்கரு சிறிது கலந்துவிட்டாலும் நுரை சரியாக எழும்பாது. மஞ்சட்கருவிலுள்ள கொழுப்பு நுரையின் கட்டைக் கெடுத்துவிடும். இதைக் கடையில் பழகியவன் கையால் அறிவான். கல்லூரியில் பயின்றவன் காரணத்தோடு அறிவான். கையும் காரணமும் ஒருங்கே பெற்றவனே புதியதொன்றை ஆக்கவல்லவன். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்று அழைக்கின்றனர். அது போர்ச்சுகீசியர் விட்டுச்சென்ற சொல். கோவாவிலோ அவர்கள் ஈஸ்ட்டுக்கு மாற்றாகத் தென்னங்கள்ளைக் கொண்டு மாவைப் புளிக்கவைத்தனர். அயல்நாட்டுக் கலை நம் மண்ணின் பொருளோடு கலந்து புதுமை பெற்றதற்கு இவை சான்றுகள்.

இவற்றோடு உணவுத் தூய்மை, சேமிப்பு, விலைக்கணக்கு, சட்டம் ஆகியனவும் இக்கல்வியில் அடங்கும். சமைத்த உணவை இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தால் நச்சுக் கிருமிகள் பெருகும். ஆகவே சுமார் 5 பாகை சென்டிகிரேடுக்குக் கீழாகக் குளிரவைக்க வேண்டும். அல்லது 60 பாகைக்கு மேலாகச் சூடாக வைக்க வேண்டும். நம் நாட்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் இயற்றப்பட்டது. ஒரு திருமண விருந்தில் ஆயிரம் பேர் உண்கிறார்கள் என்றால், ஆயிரம் பேரின் உயிரும் அன்று அடுக்களையில் நிற்பவரின் அறிவை நம்பியிருக்கிறது.

மாணவர்களே, இத்தொழிலின் கடினத்தையும் நான் மறைக்கலாகாது. நின்றபடியே பல மணி நேரம் உழைக்க வேண்டும். பிறர் பண்டிகை கொண்டாடும் நாளே உங்களுக்கு மிகுந்த வேலையுள்ள நாள். ரொட்டி சுடுபவர் ஊர் உறங்கும்போது விழித்திருக்க வேண்டும். பட்டம் பெற்றவுடன் தலைமைப் பதவி கிடைக்காது. காய் நறுக்குவதிலிருந்தே தொடங்க வேண்டும். கல்லூரி கைப்பழக்கத்துக்கு மாற்றன்று. அது கைப்பழக்கத்துக்குக் கண் கொடுப்பது.

ஆகையால் இக்கல்வியை நாடுவோர் ஒரு நிறுவனத்தில் பணம் கட்டுமுன் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். அதன் சான்றிதழை அரசோ பல்கலைக்கழகமோ ஏற்றுக்கொள்கிறதா? வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவன் தன் கையால் அடுப்பருகே வேலை செய்கிறான்? ஆசிரியர்கள் தாங்களே அத்தொழிலைச் செய்து பழகியவர்களா? தொழிற்பயிற்சிக்கு அனுப்பும் இடங்களில் மாணவனுக்குக் கற்பிக்கிறார்களா, அல்லது ஊதியமில்லா வேலையாளாக மட்டும் நடத்துகிறார்களா? பகட்டான கட்டடத்தையும் வண்ணப் படங்களையும் கண்டு மயங்கவேண்டா. நியூ ஹேவன் பள்ளி மூன்று ஆசிரியர்களோடுதான் தொடங்கியது என்பதை நினைவில் வையுங்கள்.

1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கைத்தொழிலைக் கல்வியின் நடுவில் வைக்க வேண்டும் என்று கூறினார். ஆசிரியப் பயிற்சியின்போது அதை நாங்கள் ஏட்டில் படித்தோம், தேர்வில் எழுதினோம். ஆனால் கையால் செய்வது தாழ்வு, தலையால் செய்வது உயர்வு என்னும் எண்ணம் நம் சமுதாயத்திலிருந்து இன்னும் முற்றிலும் அகலவில்லை. சமையற்கல்லூரியின் வரலாறு அந்த எண்ணத்துக்கு ஒரு மறுமொழி. ரொட்டிக்கும் இரசாயனத்துக்கும் உள்ள உறவை ஒரு மருந்தாளர் கண்டார். சர்க்கரைக்கும் கட்டடக்கலைக்கும் உள்ள உறவை ஒரு கைவிடப்பட்ட சிறுவன் கண்டான். அளவின் அருமையைக் கால் தாங்கி நடந்த ஒரு பெண் உலகுக்கு உணர்த்தினாள். இவர்களுள் ஒருவரும் பிறப்பினால் அத்தொழிலுக்கு வந்தவரல்லர், கற்று வந்தவர்கள்.

உங்களுள் சிலர் இத்தொழிலுக்குச் செல்லலாம். பலர் வேறு தொழில்களுக்குச் செல்வீர்கள். செல்லாதவர்களிடமும் நான் வேண்டுவது ஒன்றுண்டு. அடுத்த முறை ஒரு விடுதியில் உண்டு எழும்போது, அடுக்களையில் நிற்பவரின் பெயரைக் கேட்டறிந்து, அவரிடம் ஒரு நன்றி சொல்லிவிட்டு வாருங்கள்.